முப்பது சென்ட் அத்தை

2022 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அத்தையிடம் கையெழுத்து கேட்கப் போனேன். அப்பா வரவில்லை. சித்தப்பாவும் வரவில்லை. "நீ படிச்சவன், பக்குவமா எடுத்துச் சொல்லுவே" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் பேசி நான் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. எங்கள் வீட்டில் படிச்சவன் என்றால், மற்றவர்கள் கூசுகிற வேலையைத் தள்ளிவிடத் தோதானவன் என்று பொருள்.

ஆடியில் யாரும் பத்திரம் போடமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் கிரயம் முடித்துவிட வேண்டும் என்று வாங்குகிறவர் சொல்லியிருந்தார். ஆக, எனக்கு ஒரு மாதம் இருந்தது.

விற்கப் போகிறவர் சித்தப்பா. அவர் பையன் திருப்பூரில் ஆரம்பித்த பனியன் யூனிட் கொரோனாவில் படுத்துவிட்டது, கழுத்து வரை கடன். சென்னிமலைப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாய்கிற பூமியில் எங்களுக்கு ஆறு ஏக்கர். மேற்கே மூன்று சித்தப்பாவுடையது, கிழக்கே மூன்று அப்பாவுடையது என்றுதான் ஊரே சொல்லும். முன்பணம் கைமாறியது. வாங்குகிறவருடைய வக்கீல் பத்திரங்களை வாங்கிப் பார்த்துவிட்டு நாலு பக்கத்துக்கு ஒபீனியன் எழுதிக் கொடுத்தார். மூன்று பக்கத்தில் சிக்கல் ஒன்றுமில்லை. நாலாம் பக்கத்தில் ஒரு வரி: விற்பவரின் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் கிரயத்தில் சேர்ந்து கையெழுத்திட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.

சித்தப்பா அதை இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டார்: "அவளுகளுக்கு இதுல என்ன சோலி?"

கெட்ட எண்ணத்தில் அவர் அப்படிக் கேட்கவில்லை என்று இப்போதும் நம்புகிறேன். அவர் பார்த்து வளர்ந்த உலகத்தில் அத்தைகளுக்கு அங்கே சோலி இல்லைதான். அப்பாருவும், அதாவது அப்பாவின் அப்பாவும், அவருடைய அண்ணன் தம்பிகளும் 1961இல் பாகம் பிரித்துப் பதிவு செய்த பத்திரம் வீட்டில் இருக்கிறது. அதில் ஐந்து ஆண்கள் பெயர் வயது தொழில் சகிதம் வருகிறார்கள். கூடப்பிறந்த மூன்று பெண்களுக்கு அரை வாக்கியம்: "மேற்படியார்களுக்குச் சீர்வரிசைகள் செய்து முடிக்கப்பட்டுவிட்டபடியால்." அந்த மூன்று பேருடைய பெயர் எங்கேயும் இல்லை. அப்பாவைக் கேட்டேன். இரண்டு பேரைச் சொன்னார், மூன்றாவது பெயர் அவருக்கே ஞாபகம் வரவில்லை.

அப்பாரு 1998இல் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம் சாளை, அதாவது தோட்டத்து வீட்டின் வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டு, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பிரித்துவிட்டார்கள். முத்திரைத்தாளில் எழுதிய கூர்ச்சீட்டு, ஆளுக்கொரு பிரதி. பதிவு செய்யவில்லை. செலவு மிச்சம், அண்ணன் தம்பிக்குள் என்ன பெரிய பதிவு என்ற நினைப்பு. அன்றைக்கு அத்தைகள் இருவரும் வந்திருந்தார்கள். இருபது பேருக்கு அவர்கள்தான் சமைத்தார்கள்.

பட்டாவும் அப்பாரு பேரிலேயே கிடந்தது. 2019இல் பி.எம். கிசான் என்று வருடம் ஆறாயிரம் ரூபாய் வந்தபோது அப்பாவுக்குக் கிடைக்கவில்லை, பட்டாவில் தன் பெயர் இருக்க வேண்டுமாம். செத்து இருபத்தோரு வருடமான அப்பாருதான் அரசாங்கக் கணக்கில் விவசாயி. சொட்டுநீர் மானியத்துக்கும் அதே கதை. "மாத்திக்கலாம், மாத்திக்கலாம்" என்றே போனது. எங்கள் ஊரில் பாதிப் பேருடைய பட்டா இப்படித்தான், கும்பிடுகிற படத்தில் இருக்கிறவர்கள் பேரில்.

வக்கீல் தெரிந்தவர்தான். ஒரு மாலை அவருடைய ஆபீசில் உட்கார்ந்து, எங்கள் ஆறு ஏக்கரையே உதாரணமாக வைத்துப் பாடம் கேட்டேன். அவர் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டிய கணக்கை இன்னும் வைத்திருக்கிறேன்.

முதல் கணக்கு, 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் இருந்தபடி. பூர்வீகச் சொத்தில் ஆண்பிள்ளைக்குப் பிறந்தவுடன் பங்கு. பெண்ணுக்குப் பிறப்பால் எதுவும் இல்லை. தகப்பன் இறந்தால், தகப்பனுடைய பங்கில் மட்டும் மற்ற வாரிசுகளோடு ஒரு பங்கு. அப்பாரு, அப்பா, சித்தப்பா மூன்று பேருக்கும் இரண்டிரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாருவின் இரண்டு ஏக்கரை அப்பத்தா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என்று ஐந்து பேர் பிரித்தால் ஆளுக்கு 40 சென்ட். ஆக, அத்தை ஒவ்வொருவருக்கும் 40 சென்ட். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் 2 ஏக்கர் 40 சென்ட்.

அந்த நாற்பது சென்ட்கூட 1999இல் யார் வாயிலும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புதுச் சட்டம் வந்துதான் பெண்களுக்குப் பங்கு வந்தது என்று பலரும் சொல்கிறார்கள். நாற்பது வருடமாகச் சட்டத்தில் இருந்ததையே நாங்கள் கொடுக்கவில்லை.

இரண்டாவது கணக்கு தமிழ்நாட்டுக்கே உரியது. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அறுபது வருடம் கழித்து, கருணாநிதி முதல்வராக இருந்தபோது, அது சட்டமானது: 1990ஆம் வருடத்தின் 1ஆம் சட்டம், 25-3-1989 முதல் செல்லும். (அந்தத் தேதியைத் தமிழ்நாடு வேறொன்றுக்காகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. சட்டசபையில் பட்ஜெட் அன்று நடந்த கைகலப்பு அதே நாள்தான்.) மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு என்றது சட்டம். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு இல்லை என்று ஒரு கோடும் போட்டது.

பெரிய அத்தைக்குக் கல்யாணம் 1974. கோட்டுக்கு அந்தப் பக்கம்.

சின்ன அத்தைக்கு 1989 தை மாதம் முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. மார்கழியில் பூட்டி, அதாவது அப்பாருவின் அம்மா, தவறிவிட்டார். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. நடுவில் அந்த மார்ச் 25. கிழவி இரண்டு மாதம் இழுத்துக்கொண்டிருந்தால் சின்ன அத்தையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருப்பார்.

வக்கீல் கணக்கைப் போட்டார். அப்பாரு, அப்பா, சித்தப்பா, சின்ன அத்தை என நான்கு பங்காளிகள், ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். அப்பாருவின் ஒன்றரையை ஐந்து வாரிசுகள் பிரித்தால் 30 சென்ட். சின்ன அத்தைக்கு மொத்தம் 1 ஏக்கர் 80 சென்ட். பெரிய அத்தைக்கு 30 சென்ட். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்கள். இன்னொன்றையும் அவர் அடிக்கோடிட்டுக் காட்டினார்: பெண்களுக்கென்று வந்த அந்தச் சட்டத்தால் பெரிய அத்தையின் பங்கு நாற்பதிலிருந்து முப்பதாகக் குறைந்தது. தங்கை பங்காளி ஆனதும் தகப்பன் பங்கு சுருங்கியதால் வந்த வினை.

மூன்றாவது கணக்கு, மத்திய அரசு 2005இல் செய்த திருத்தம். செப்டம்பர் 9 முதல் கல்யாணமானவள், ஆகாதவள் என்ற கோடே கிடையாது. மகள் மகனுக்குச் சமம். ஆனால் 20-12-2004க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதைத் தொடமாட்டோம் என்றது. 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பிறகு ஒரு சண்டை. இருந்திருக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேண்டியதில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. வினீதா சர்மா வழக்கு. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொல்வதையும் சுலபத்தில் ஏற்கக் கூடாது, அரசாங்க ஆவணங்களில் தடயம் இருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் உண்டு. எங்களுக்கு என்ன தடயம்? பட்டாவே பிரியவில்லை.

அப்பத்தாவும் 2011இல் போய்விட்டதால் கணக்கு சுலபம். நாலு பேர், ஆறு ஏக்கர், ஆளுக்கு ஒன்றரை.

"அந்தச் சீட்டை 1999லயே ரெஜிஸ்டர் பண்ணியிருந்தா?" என்று கேட்டேன்.

"2005 சட்டம் தொட்டிருக்காது. சின்னவங்களுக்குப் பழைய சட்டத்துல ஒரு வழி இருந்திருக்கும். பெரியவங்களுக்கு முப்பது சென்ட்டோட கதை முடிஞ்சிருக்கும்" என்றார். காலண்டர் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "உங்கப்பா காசு மிச்சம் புடிச்சாரு, அக்காவுக்குப் பூமி கெடைச்சுது" என்று சிரித்தார்.

கூர்ச்சீட்டை எடுத்து முழுக்கப் படித்தது அப்போதுதான். இரண்டு பக்கம். நிலத்தைப் பற்றி நாலு வரி. மற்றதெல்லாம் கிணற்றைப் பற்றி.

கொங்கு நாட்டில் தோட்டம் பிரிப்பது என்றால் கிணறு பிரிப்பதுதான். எங்களுடையது கீழ்பவானிப் பாசனம், ஆனால் வாய்க்காலில் வருடம் முழுக்கத் தண்ணீர் வராது. ஆகஸ்டில் திறந்தால் நஞ்சைக்கு ஒரு போகம், தை பிறந்ததும் புஞ்சைக்கு ஒரு நனைப்பு. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வேறு. மீதி மாதங்களில் தென்னையும் மஞ்சளும் பிழைப்பது கிணற்றால். கிணறு பிழைப்பது வாய்க்காலின் கசிவால். வாய்க்காலுக்கு கான்கிரீட் போட வேண்டும் என்றும் கூடாது என்றும் ஊர் ஊராகப் பிரிந்து சண்டை போட்டார்களே, அதன் அடிப்படை இதுதான்.

அந்தக் கிணறு அப்பாவுடைய மூன்று ஏக்கருக்குள் இருக்கிறது. ஐந்து குதிரைச் சக்தி மோட்டார், ஒரே சர்வீஸ், அதுவும் அப்பாரு பேரில். விவசாயக் கரண்ட் இலவசம் என்பதால் அந்தச் சர்வீசுக்குத் தங்கத்தின் மதிப்பு. புதிதாக மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் எங்கள் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தார்கள். சீட்டில் இப்படி எழுதியிருந்தது: வாரத்தில் மூன்று நாள் மூத்தவருக்கு, மூன்று நாள் இளையவருக்கு, ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர் தாயாரின் எருமைகளுக்கும் சாளையைச் சுற்றியுள்ள தென்னைகளுக்கும். மோட்டார் ரிப்பேர் சரிபாதி.

அப்பத்தா இருந்தவரை ஓடியது. அவர் இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை யாருடையது என்று சீட்டில் இல்லை. சித்தப்பா ஒரு ஞாயிறு, அப்பா ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டிருக்கலாம், யார் முதல் என்பதில் முட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாரின் காயில் கருகியது. அன்றைக்கு மோட்டார் ஓட்டியவர்தான் முழுச் செலவும் ஏற்க வேண்டும் என்று ஒருவர், சீட்டில் சரிபாதி என்று மற்றவர். அதோடு பேச்சு நின்றது. எட்டு வருடம். எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நாற்பதடி வாசல். பொங்கலுக்கு ஆளுக்கொரு அடுப்பு மூட்டி, எதிரெதிர்த் திசையில் பார்த்துக்கொண்டு பொங்கல் வைப்பார்கள்.

சீட்டில் கடைசி வரி: "தடம் வழக்கப்படி." இவ்வளவுதான். தார்ரோடு மேற்கே சித்தப்பா பக்கம். அப்பாவுடைய வண்டி, டிராக்டர், தேங்காய் லோடு எல்லாம் சித்தப்பாவுடைய வடக்குப் பொழியை, அதாவது வரப்பை, ஒட்டித்தான் வர வேண்டும். அண்ணன் தம்பிக்குள் வழக்கம் என்ற சொல் போதும். பெருந்துறையிலிருந்து வந்து பண்ணை வீடு கட்டப் போகிற ஒருவருக்கு எங்கள் வழக்கம் என்ன தெரியும்? அவர் சுற்றிலும் காம்பவுண்ட் கட்டினால் அப்பா பறந்துதான் போக வேண்டும். "பொம்பளைகளுக்கு எதுக்குடா எழுத்துமுறையெல்லாம்" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அப்பா, தடத்தை எழுத்தில் வாங்கியே தீர வேண்டும் என்று நின்றது அந்த வாரத்தில்தான். அதற்கு முறைப்படி பாகப்பிரிவினை வேண்டும். அதற்கு அத்தைகள் வேண்டும்.

பெரிய அத்தை இருப்பது காங்கேயத்துக்குப் பக்கம். மாமா இறந்து ஆறேழு வருடம் ஆகிறது. மகன் தேங்காய் எண்ணெய் மில் ஒன்றில் வேலை, மருமகள், பேத்தி. நான் போனபோது அத்தை எள் புடைத்துக்கொண்டிருந்தார்.

"வா சாமி. அப்பன் நல்லா இருக்கறானா?" முறத்தை வைத்துவிட்டு மோர் கொண்டுவந்தார். நான் ஊர்க்கதையெல்லாம் பேசி, வழியில் மனப்பாடம் செய்த முன்னுரைக்கு வந்து சேர்வதற்குள், "எங்க கையெழுத்துப் போடோணும், சொல்லு" என்றார்.

சித்தப்பா பூமி விற்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. விடுதலைப் பத்திரத்தின் நகல் என் பையில் இருந்தது. "மேற்படி சொத்தில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று தெளிவாக அடித்திருந்தோம். எடுத்து நீட்டியிருந்தால் அத்தை போட்டிருப்பார். அப்பா என்னை அனுப்பியது அதற்குத்தான். நானும் அதற்குத்தான் போனேன், பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் படித்துக்கூடப் பார்க்காமல் "எங்க போடோணும்" என்று கேட்டது என்னை என்னவோ செய்துவிட்டது. உங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வருகிறது அத்தை என்று சொல்லிவிட்டேன்.

"தெரியுஞ் சாமி. பேத்தி போன்ல காட்டுச்சு."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா? அடுத்த நோம்பிக்கு உன்ற அப்பன் வந்து அழைப்பானா?" எள்ளில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "நாளைக்கு நான் கண்ண மூடுனா, பொறந்த ஊட்டுக் கோடி யாரு போடுவா?" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி வர வேண்டும். கோடி என்போம். அண்ணனோ தம்பியோ, அவர்கள் இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகளோ கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராமல் எடுத்துப்போனால் அந்தப் பெண் நாதியற்றுப் போனதாக ஊர் பேசும். பிறந்த வீட்டோடு பகையாகிப் போன ஒரு பெண்ணின் உடலை, கோடிக்காகச் சாயங்காலம் வரை போட்டு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் யாரோ ஒன்றுவிட்ட பங்காளி, ஓடிப்போய்க் கடையில் ஒரு புடவை வாங்கி வந்து போர்த்தினார்.

கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று செய்வோம். மாப்பிள்ளையின் சகோதரிக்கு மணவறையில் நடக்கிற சீர். புதுப்பெண் வந்துவிட்டாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிடமாட்டான் என்பதற்கான சடங்கு என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். என் அப்பா கல்யாண ஆல்பத்தில் பெரிய அத்தைதான் அந்தப் படத்தில் இருக்கிறார், பட்டும் கூச்சமுமாக. அந்தச் சடங்கிலிருந்து கோடி வரைக்கும் நடுவில் காதுகுத்து, தெரட்டி என்கிற பூப்புச் சடங்கு, கல்யாணம் என்று தாய்மாமன் சீர்கள். "அதான் எல்லாம் செஞ்சாச்சே" என்று அப்பா சொல்வது இந்தக் கணக்கை வைத்து.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1974இல் அத்தைக்குப் போட்டது ஏழு பவுன், ஒரு கறவை மாடு. பவுனை மாமா 1983 வறட்சியில் விற்றுக் கிணறு ஆழப்படுத்தினார். அந்தக் கிணறு மாமாவின் அப்பா பேரில் இருந்த நிலத்தில். மாடு கன்று ஈன்று செத்துப்போனது. ஏழு பவுன் ஏழு பவுனாகவும் இல்லாமல் போனது, இங்கே ஏக்கர் விலை எங்கே போய் நிற்கிறது என்பதை எழுதினால் சித்தப்பா மறுபடி பேசாமல் போய்விடுவார். சீரும் பங்கும் ஒன்றுக்கொன்று ஈடு என்று சொல்கிறவர்கள் இரண்டையும் ஒரே தராசில் ஒருமுறையாவது வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்றரை ஏக்கர் வருகிறது என்று சொன்னதும் நான் எதிர்பார்த்தது ஒன்று: வேண்டாம் சாமி, பொறந்தவனுகளே வெச்சுக்கட்டும் என்று கண்கலங்குவார். அத்தை கண்ணெல்லாம் கலங்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"ஒன்றரையெல்லாம் வேண்டா. இருவத்தஞ்சு சென்ட் போதும். ஆனா தடத்தோட வேணும். என்ற பேருல எழுதோணும். மஞ்ச வேக வெக்கிற எடம் இருக்குதுல்ல, வடகெழக்கு மூலை, அது."

"அங்க என்னங்த்தை பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணல. அது நான் கல்லுப் பொறுக்குன எடம்."

அறுபதுகளில் எங்கள் பூமி மேட்டுக்காடு. வாய்க்கால் தண்ணீர் ஏறுவதற்காக அப்பாரு அதைச் சமன் செய்தபோது, அத்தை அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டார். கல்யாணமாகிப் போகிற வரைக்கும் ஒன்பது வருடம் அந்தக் காட்டில் கல் பொறுக்கி, கூடையில் சுமந்து, அந்த மூலையில் கொட்டியிருக்கிறார். அந்தக் கற்குவியலின் மேல்தான் பிறகு மஞ்சள் அடுப்புக் கட்டினார்கள். அப்பா அந்த ஒன்பது வருடமும் பள்ளிக்கூடத்தில். பாகம் பேசின எந்தக் கூட்டத்திலும் இது வந்ததில்லை. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சின்ன அத்தை வீட்டில் கதை வேறு. சின்ன அத்தை பேசவே இல்லை, அவர் பையன் பேசினான். தீர்ப்பின் முழுப் பிரதியையும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான், முக்கியமான பத்திகளுக்கு மஞ்சள் அடித்து. ஒன்றரை ஏக்கர், ஒரு சென்ட் குறையக் கூடாது. சட்டப்படி அவன் சொன்னதில் தப்பே கிடையாது. ஆனால் அவனுடைய அப்பா தன் கூடப்பிறந்த நாலு பெண்களிடமும் விடுதலை வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆளுக்கு ஒரு பட்டுப்புடவையும் ஐம்பதாயிரமும் என்று கேள்வி. அதைச் சொல்லிக்காட்ட வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் என் அம்மா 2003இல் மாமாக்களுக்கு எழுதிக்கொடுத்தபோது ஐம்பதாயிரம்கூட வாங்கவில்லை. எங்கள் பக்கத்து ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான். அத்தை வழியில் வந்தது, அம்மா வழியில் போனது. ஆண்கள் இரண்டையும் கழித்துப் பார்த்து, எங்களுக்கு ஒன்றும் லாபமில்லை என்பார்கள். அந்தக் கழித்தலில் அத்தையும் அம்மாவும் இரண்டு வேறு ஆட்கள் என்பது காணாமல் போய்விடும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை பேசி, சின்ன அத்தைக்கு முக்கால் ஏக்கருக்கான தொகை என்று முடிந்தது. சித்தப்பா பாதி, அப்பா பாதி. பெரிய அத்தையின் இருபத்தைந்து சென்ட் அப்பாவின் பங்கிலிருந்து. "மூலையத்தான கேக்கறா, குடுத்துத் தொலையலாம்" என்று அப்பா சொன்னார். ஆனால் சர்வேயர் வந்து கல் நட்ட அன்று, சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தாராளமாகவே நகர்ந்து நின்றார். இருபத்தாறரை சென்ட் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் என் தங்கை எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தாள், இரண்டு நீல டிக். ஒன்றும் எழுதவில்லை. அதைப் பற்றி நானும் அவளிடம் இதுவரை பேசவில்லை.

பதிவு ஆவணி மூன்றாம் வாரம். செலவை நினைத்து சித்தப்பா பயந்துகொண்டிருந்தார். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினையும் விடுதலையும் என்றால் முத்திரைத்தீர்வை மதிப்பில் ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு 25,000 என்று சொன்னதும் தெளிந்தார். (2023 ஜூலையில் அதை 40,000 ஆக்கிவிட்டார்கள்.) வெளியாளுக்கு விற்கிற கிரயத்துக்கு அப்போது தீர்வையும் கட்டணமும் சேர்த்து 11 சதவீதம், அது வாங்குகிறவர் தலையில். சார்பதிவாளர் ஆபீசில் வரிசையாக விரல் வைத்து, கேமராவைப் பார்த்து, நாலு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அப்பத்தா சாவுக்குப் பிறகு நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். யாரும் எதுவும் பேசவில்லை. பெரிய அத்தை மட்டும் பையிலிருந்து எள்ளுருண்டை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். சித்தப்பா வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டடித் தடம் எழுத்தில் ஏறிவிட்டது. கிணற்றில் வாங்குகிறவருக்குப் பாத்தியம் இல்லை, அவர் போர் போட்டுக்கொள்வார் என்று சமாதானம். சர்வீஸ் பெயர் மாற்றம் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது, அதை விடுங்கள்.

சில மாதம் கழித்து உட்பிரிவு ஆகிப் புதுப் பட்டாக்கள் வந்தன. பெரிய அத்தையுடையதை நான்தான் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கொண்டுபோனேன். பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் பெயருக்கு முன்னால் மாமா பெயர், அதற்குப் பக்கத்தில் "மனைவி" என்று இருந்தது. பத்திரம் எழுதியவர் ஆதார் அட்டையைப் பார்த்து க/பெ என்று அடித்திருக்கிறார், பட்டாவும் அதைப் பிடித்துக்கொண்டது.

"இது என்ற ஊட்டுக்காரரு சம்பாதிச்ச பூமியா?"

இல்லைங்த்தை.

"அப்ப அப்பன் பேரு எங்க?"

ஆள் ஒன்றுதான், பங்கு அப்படியேதான் இருக்கிறது, இதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்று விளக்கினேன். பத்திரம் எழுதியவரும் போனில் அதையே சொன்னார். அத்தை லேமினேட் செய்த பட்டாவை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னாருடைய மகள் என்று போட்டு வந்தால்தான் வாங்கிக்கொள்வாராம்.

அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். பழைய பத்திரத்தில் கையெழுத்திட்ட எல்லாரும் மறுபடி வர வேண்டும். அப்பா முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். சித்தப்பாதான் பாக்கி. நிலத்தை விற்று, கடனை அடைத்து, இப்போது திருப்பூரில் பையனோடு இருக்கிறார். ஒரு எழுத்துக்காக அவ்வளவு தூரம் வரமுடியாது என்று போனில் சொல்லிவிட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போகிறேன். "நீ படிச்சவன், பக்குவமா எடுத்துச் சொல்லுவே" என்று இந்தத் தடவை அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறார்.